ஆர்லிஸ் வண்டியான கதை

இருபத்து நான்கு வருடம் தொண்டை கிழியக் கத்திப் பாடியவளுக்கு, தம்பி செத்துப்போன மறுமாதம் கத்த வரவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்தபடி ரீவா ஸ்டிடம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கிடார்க்காரர்கள் பாட்டின் தொடக்க இசையை இரண்டு முறை திரும்ப வாசித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் பின்னால் திரும்பி டிரம்ஸ் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே கூலிக்கு வந்த யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். ‘இரும்புத் தாடை’ என்ற ராக் குழு அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

ஒஹாயோ, இண்டியானா பக்கத்து மதுக்கூடங்களிலும் கண்காட்சித் திடல்களிலும் பாடிப் பாடிப் பெயர் வாங்கிய குழு அது. டிரம்ஸ் வாசித்தது ரீவாவின் தம்பி ஆர்லிஸ். பிப்ரவரி மாதம், டொலிடோவுக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் வேனை நிறுத்தி எல்லாரும் காபி குடிக்க இறங்கினார்கள். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஆர்லிஸை எழுப்பப் போனவள் ரீவாதான். அவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது. இதயம் என்றார்கள்.

அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்தப் பாட்டு வந்தது. மெதுவான பாட்டு. அவள் பிறந்து வளர்ந்த கென்டக்கி மலைப்பக்கத்தில் சமையலறைகளில் முனகுகிற மெட்டு. ‘மேஜையைத் தட்டாதே ஆர்லிஸ் என்றாள் அம்மா, இப்போது யாரும் தட்டாமல் மேஜை கிடக்கிறது’ என்று அதற்கு முதல் வரி. சின்ன வயதில் அவன் இரண்டு ஸ்பூன்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையை விடாமல் தட்டுவான். அம்மா திட்டுவாள். அவ்வளவுதான் பாட்டு.

அம்மா வெஸ்டாவுக்கு எண்பத்தோரு வயது. அதே கென்டக்கி மலைக்குள் டிரைஃபோர்க் என்ற ஊரில் தனியாக இருந்தாள். மகளும் மகனும் பாடிய ஒரு கச்சேரிக்கும் அவள் வந்ததில்லை. “அந்தச் சத்தத்துல ஒரு வார்த்தைகூடப் புரியல” என்பாள். அவளுக்கு ஜன்னல் விளிம்பில் இருக்கிற பேட்டரி ரேடியோதான் எல்லாம். அதில் வருவது கன்ட்ரி பாட்டு, நாயையும் வண்டியையும் நிலத்தையும் பறிகொடுத்தவர்கள் பாடுகிற கிராமத்துப் பாட்டு. மகனைப் புதைத்த அன்றும் அவள் அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, மருத்துவமனைக்குப் போய்வந்தாள். டாக்டர் ரீவாவைத் தனியே கூப்பிட்டு, “குளிர்காலம் வரைக்கும்னு வெச்சுக்கங்க” என்றார்.

ரீவா போன் செய்தாள். “அம்மா, ஆர்லிஸைப் பத்தி ஒரு பாட்டு எழுதியிருக்கேன். பாடிக் காட்டவா?”

“போன்ல வேண்டாம்டி. ரேடியோவுல வரட்டும், கேக்குறேன்.”

“ரேடியோவுல வர்றதுன்னா லேசுப்பட்ட காரியமாம்மா?”

“நல்ல பாட்டுன்னா வரும்” என்று சொல்லிவிட்டு வெஸ்டா போனை வைத்துவிட்டாள்.

அப்படித்தான், ஐம்பத்தோராவது வயதில், ராக் பாடகி ரீவா ஸ்டிடம் தனியாகக் கன்ட்ரி பாடுவதற்காக நாஷ்வில்லுக்கு வந்து சேர்ந்தாள்.

நாஷ்வில்லில் கன்ட்ரி இசை அங்கீகார மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் வட்ட முத்திரை இல்லாத பாட்டை எந்த வானொலி நிலையமும் தொடாது. பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனால் வரவேற்பறையில் ஒரு மாட்டுக் கொட்டகை கட்டியிருந்தார்கள். வைக்கோல் பிளாஸ்டிக். முதலில் நிஜ வைக்கோல்தான் போட்டிருந்தார்களாம். மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் தும்மல் நிற்காததால் மாற்றிவிட்டார்களாம். பாதுகாப்பு அலுவலர் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

கொட்டகைக்குள் இருந்த கவுன்ட்டரில் ஒரு பெண் நீளமான விண்ணப்பம் ஒன்றைத் தள்ளினாள். வேறு இசையிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு அது. அதற்கு ‘வீடு திரும்புவோர் படிவம்’ என்று பெயர்.

“எட்டாம் பக்கம் காலியா இருக்கே மேடம்?”

எட்டாம் பக்கம் ‘இழப்பு’. நாய், வண்டி, நிலம், கணவன் அல்லது மனைவி என்று நான்கு கட்டங்கள் இருந்தன.

“நான் இழந்தது என் தம்பியை. அதுக்குக் கட்டம் இல்லையே.”

“தம்பி ‘இதர’வுல வருவார். எழுதிக்கலாம். ஆனா இதரவுக்கு மதிப்பெண் கிடையாது.”

“நாய்க்கு உண்டா?”

“நாய்க்குப் பன்னெண்டு. உங்ககிட்ட நாய் இருந்துச்சா?”

“இல்லை.”

“யோசிச்சுப் பாருங்க மேடம்” என்றாள் அந்தப் பெண், உண்மையான பரிவோடு. “பக்கத்து வீட்டு நாயா இருந்தாலும் ஆறு மதிப்பெண் போடுவாங்க.”

ரீவா ‘இதர’வில் தம்பியின் பெயரை எழுதினாள்.

அடுத்தது பேச்சுப் பரிசோதனை. நான்காம் மாடியில் பிரெஸ்காட் என்ற உச்சரிப்பு நிபுணர். வடக்கே கனெக்டிகட்டில் பிறந்து பாஸ்டனில் படித்தவர். தாளில் இருந்த ஒரு பத்தியை ரீவா வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

“கென்டக்கின்னு எழுதியிருக்கீங்க. எங்க கத்துக்கிட்டீங்க இந்தப் பேச்சை?”

“கத்துக்கல. நான் பொறந்ததே அங்கதான்.”

“அதான் சிக்கல். அங்க பொறந்தவங்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். வெளியூர்க்காரங்க ரெண்டே வாரத்துல பிடிச்சுக்கறாங்க.”

“டிரைஃபோர்க்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க.”

“பேசுவாங்க மேடம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டிரைஃபோர்க்லேருந்து யாரும் விளம்பரம் குடுக்கறதில்லையே.”

அவளை ஆறு வார வகுப்பில் போட்டார்கள். தாடையைத் தளர்த்தி, வார்த்தையின் வாலை இழுத்து, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஓர் அமெரிக்கத் தெற்கத்திப் பேச்சைப் பழக்கினார்கள். கூடப் படித்தவர்களில் ஒருவன் மினசோட்டாக்காரன், இன்னொருத்தி கனடாக்காரி. இருவரும் முதல் வாரமே தேறிவிட்டார்கள். ரீவா ஜூன் முழுக்கத் திருத்தப்பட்டாள். பழைய பேச்சு நடுவில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பிரெஸ்காட் ஒரு சின்ன மாட்டு மணியை ஆட்டுவார். சாயங்காலம் தங்கும் விடுதி அறைக்குத் திரும்பியும் அவள் காதில் அந்த மணி அடித்துக்கொண்டிருக்கும்.

பூட்ஸ் சோதனை என்றும் ஒன்று இருந்தது. சேறு படிந்த பூட்ஸோடு வரச் சொன்னார்கள். ரீவா அம்மாவைப் பார்க்கப் போய்வந்தபோது கொல்லைப்புறத்தில் மிதித்த சேற்றோடு வந்தாள். சோதகர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நிறம் ஒத்துவரவில்லை என்றார். மன்றத்தின் கடையில் அங்கீகரித்த சேறு பொட்டலமாகக் கிடைத்தது. சிவப்பும் பழுப்பும் கலந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவ வேண்டும்.

“ரேடியோவுல யார் பூட்ஸைப் பாக்கப் போறாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா உங்களுக்குத் தெரியும் இல்லையா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு மேடம்” என்றார் சோதகர்.

ஜூலைக் கடைசியில் அவளை விசாரணைக்கு அழைத்தார்கள். ராக் பாடியவர்கள் மன்றத்தின் முன் நின்று வருத்தம் தெரிவிக்க வேண்டும். அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். ஒன்பது தொப்பிகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுத்தொப்பி மன்றத் தலைவர் கிரேடன் ஹாலிஸ்டர்.

ரீவா வாசித்தாள். இரைச்சலை இசை என்று நம்பியதற்காக வருந்துகிறேன். கறுப்புத் தோல் ஆடைக்காக வருந்துகிறேன். மின்சாரத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதற்காக வருந்துகிறேன். வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“என்ன மேடம், எழுத்து சரியாத் தெரியலையா?” என்றார் ஹாலிஸ்டர்.

“‘டிரம்ஸுக்காக வருந்துகிறேன்’னு இருக்கு.”

“ஆமா.”

“டிரம்ஸ் வாசிச்சது என் தம்பி. அவன் போய் அஞ்சு மாசம் ஆச்சு.”

ஒன்பது தொப்பிகளும் சற்றுக் குனிந்து நிமிர்ந்தன.

“அப்ப வருத்தம் ஏற்கெனவே இருக்கு. வாசிச்சா மட்டும் போதும்” என்றார் ஹாலிஸ்டர் கனிவாக.

அவள் வாசிக்கவில்லை. அந்த வரியை அவள் மனத்துக்குள் வாசித்துக்கொண்டதாகக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். ஏகமனதாக ஏற்றார்கள். பிறகு ஹாலிஸ்டர் எழுந்து நின்று உரையாற்றினார். இப்படி மாறி வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் உரையாற்றுவது வழக்கம்.

“மிஸ் ஸ்டிடம், எங்க தொழிலே உண்மைதான். மத்த இசைக்காரங்க ஆளுக்கொரு உண்மை வெச்சிருக்காங்க. அதனாலதான் அங்க ஒரே குழப்பம். நாங்க ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கோம். அதை வருஷத்துக்கு ரெண்டு தடவை திருத்தறோம். நான் இங்க வர்றதுக்கு முன்னால ஷாம்பூ கம்பெனியில இருந்தேன். அங்கயும் இதே மாதிரிதான், நுரை ஒண்ணு, பாட்டில்தான் வேற. நான் இதுவரைக்கும் ஒரு மாட்டைக்கூடப் பக்கத்துல பாத்ததில்லை. அதனாலதான் மாட்டு விஷயத்துல என்னால நடுநிலையா முடிவெடுக்க முடியுது. எளிய மக்களோட இதயம் இருக்கே, அதை நான் தினம் காலையில வரைபடத்துல பாக்கறேன்.”

அவர் கண்கலங்கினார். கலங்கியது நிஜம். தன் பேச்சைக் கேட்டால் அவருக்கு எப்போதும் கலங்கும்.

பாட்டு கடைசியாகத்தான் வந்தது. ஆகஸ்டில், பாடல்வரிக் குழு. நீளமான மேஜை, தண்ணீர்க் குப்பிகள், சுவரில் வரைபடங்கள். ரீவா கிடாரை மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். பழகிக்கொடுத்த பேச்சை மறந்து, தன் பேச்சிலேயே பாடிவிட்டாள். பாடி முடித்தபோது ஓரத்தில் இருந்த சுருக்கெழுத்துக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் மனத்தில் லேசாக ஒரு நம்பிக்கை பிறந்தது.

நேயர் ஆய்வுப் பிரிவு அம்மாள் தொண்டையைச் செருமினாள். “ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு விஷயம். காலைல வேலைக்குப் போறவங்க, பாட்டுல மனுஷன் செத்தா நாப்பது விநாடியில ஸ்டேஷனை மாத்திடறாங்க. நாய் செத்தா ரெண்டாவது சரணம் வரைக்கும் இருக்காங்க. வண்டி செத்தா கடைசி வரைக்கும் மாத்தறதே இல்லை. சில பேர் ஓரமா நிறுத்திட்டுக் கேக்கறாங்க.”

“தம்பியை நாயா மாத்தணுமா?” என்றாள் ரீவா.

“சேச்சே, மரியாதைக் குறைவு” என்று ஹாலிஸ்டர் கையை ஆட்டினார். “வண்டி. பிக்கப் வண்டி. பேரு அப்படியே இருக்கட்டும், ஆர்லிஸ். வண்டிக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க.”

“‘மேஜையைத் தட்டாதே’ன்னு வருதே” என்றார் ஒருவர்.

“‘எஞ்சின் தட்டாதே.’ பழைய எஞ்சின் டொக்டொக்குன்னு தட்டுமே, ஒரு வார்த்தைதான் மாறுது!” என்றார் இன்னொருவர். மேஜையைச் சுற்றிலும் பாராட்டு எழுந்தது. எஞ்சின் தட்டுவதும் மேஜையைத் தட்டுவதும் ஒரே சொல்லில் அமைந்தது பாடகியின் திறமைக்குச் சான்று என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ரீவா கிடாரைப் பெட்டிக்குள் வைத்தாள். யாரையும் பார்க்காமல் தாழ்வாரத்துக்கு வந்தாள். நேராகப் படியிறங்கி ஊருக்குப் போய்விடுவது என்றுதான் நினைத்தாள். போவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போன் செய்தாள்.

“உன் பாட்டு... இன்னும் வரலையேடி” என்றாள் வெஸ்டா. நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. “காலைல... எழுந்ததும் போட்டு வெச்சிடறேன். தூங்கிட்டா... தப்பிப்போயிடும்னு... நாற்காலியிலேயே இருக்கேன்.”

“படுத்துக்கோம்மா. நான் சொல்றேன் எப்ப வரும்னு.”

“எப்ப வரும்?”

ரீவா தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். அங்கே தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின, எல்லாம் தொப்பியோடு. அம்மாவின் மூச்சு போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.

“சீக்கிரம் வந்துடும்மா” என்றாள். திரும்பி உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

ஒலிப்பதிவு செப்டம்பரில் நடந்தது. ஸ்டீல் கிடார் வாசிக்க லோவெல் என்றொரு எழுபது வயதுக்காரர் வந்திருந்தார். மன்றத்தின் ஸ்டூடியோவில் முப்பது வருடமாக அழுகைக்கென்று வைத்திருக்கிற ஆள். கம்பியை ஒரு இழுப்பு இழுத்தால் கல்லும் கரையும். ஒத்திகையில் ரீவா வாய்க்குள்ளேயே பாடினாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

“என்னம்மா, வண்டின்னா இவ்வளவு ஆசையா உனக்கு?”

“வண்டி இல்லைங்க. என் தம்பி.”

லோவெல் கண்ணாடியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆய்வுப் பிரிவு அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷமா வண்டிக்கும் நாய்க்கும் அழுதுட்டிருக்கேன். என் பெண்டாட்டி போனப்ப எனக்கு வாசிக்கவே வரல. அழுகைன்னாலே வண்டி ஞாபகம்தான் வந்துச்சு” என்றார் லோவெல். அவள் பக்கம் திரும்பி, “தம்பி எப்படி இருப்பான்? சொல்லு” என்றார்.

அவள் சொன்னாள். ஒல்லியாக இருப்பான். முட்டாள்தனமாகச் சிரிப்பான். எந்த மேஜையைப் பார்த்தாலும் தட்டுவான். லோவெல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு இருவரும் ஒரே மூச்சில் பாட்டைப் பதிந்தார்கள். வாயில் வந்ததெல்லாம் எஞ்சினும் டயரும். இழுத்துப் பழக்கிய தெற்கத்திப் பேச்சு ஓர் இடத்திலும் பிசகவில்லை. மாட்டு மணிக்கு அவசியமே இல்லாமல் போனது. ஹாலிஸ்டர் கேட்டுவிட்டு, ஒரு வண்டிக்காக இத்தனை துக்கத்தை மன்றத்தின் வரலாற்றில் கேட்டதில்லை என்றார். வட்ட முத்திரை விழுந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஒலிபரப்பு. ரீவா முந்தின நாளே டிரைஃபோர்க்குக்கு வந்துவிட்டாள். இன்றைக்கு வரும் என்று அம்மாவிடம் சொன்னாள். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

வெஸ்டா தலைசீவி, தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கவுனைப் போட்டுக்கொண்டாள். ரீவா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அடுப்பில் அவரை வெந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு அறிவிப்பாளர் ஏதோ சொன்னார். கரகரவென்று இருந்ததில் பாடகி பெயர் சரியாகக் கேட்கவில்லை. லோவெலின் கிடார் இழுத்தது. பிறகு பாட்டு.

ஆர்லிஸ் என்ற பெயர் வந்ததும் வெஸ்டா நிமிர்ந்தாள். ரீவா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் வந்தது. டயர் வந்தது. துருப்பிடித்த கதவு வந்தது. வெஸ்டாவின் முகம் மெல்ல பழைய நிலைக்குத் திரும்பியது.

“யாரோ வண்டிக்கு நம்ம பையன் பேரை வெச்சிருக்கா பாரு” என்றாள்.

“ஆமாம்மா.”

“நம்ம பக்கத்துக்காரி இல்ல. பேச்சைப் பாத்தா தெரியுது. தெக்கே எங்கயோ.” கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள். “உன் பாட்டு வர்றதுக்குள்ள பேட்டரி தீந்துடப் போகுது.”

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டாள். பத்தே முக்காலுக்கு அதே பாட்டு வந்தது. அணைத்தாள். பதினொன்றரைக்கு மறுபடியும். “சனியன், இந்த வண்டியை விடவே மாட்டானா!” என்று அணைத்தாள். மதியம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். அவரையும் சோள ரொட்டியும் மடியில் ஆறிப்போயின. அவள் ரேடியோவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், நீலக் கவுனில் சுருக்கம் விழாமல் கையால் நீவிக்கொண்டு.

இரண்டு மணிக்கு ஆறாவது தடவை அந்த ஸ்டீல் கிடார் தொடங்கியது. வெஸ்டாவின் கை நீண்டது. ரீவா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அணைக்காதம்மா. அது நான்தான்.”

வெஸ்டா மகளைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள்.

“நீயா?”

“நான்தான். ஆர்லிஸைப் பத்தித்தான் எழுதினேன். மேஜையைத் தட்டறதைப் பத்தி. அவங்க வண்டியா மாத்திட்டாங்க. மாத்தினாத்தான் ரேடியோவுல வரும்னாங்க. நீ ரேடியோவுலதான் கேப்பேன்னு சொன்ன...” கேள்வி கேட்காமலே குற்றம் ஒத்துக்கொண்டவள் போலத் தலைகுனிந்து நின்றாள்.

வெஸ்டா ரேடியோ பக்கம் காதைச் சாய்த்தாள். ரேடியோவில் அவள் மகன் மலைப்பாதையில் புகை கக்கி ஏறிக்கொண்டிருந்தான்.

“ஆர்லிஸா?” என்றாள் கடைசியில். “வண்டியா? ஏண்டி, அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாதேடி!”

“தெரியும்மா. தெரியாதுன்னு தெரியும்.”

“அஞ்சு தடவை லைசென்ஸுக்குப் போனான். அஞ்சாவது தடவை... அந்தப் பரிசோதனைக்காரனோட வீட்டு வாசல் தபால்பெட்டி மேலயே ஏத்திட்டு வந்தான்!”

வெஸ்டா சிரித்தாள். ரீவாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. தட்டு மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. “தபால்பெட்டி” என்றாள் மறுபடியும். “ஸ்டியரிங்கைப் பிடிச்சா... அதையும் தட்டிட்டே இருந்தா எப்படிடி ஓட்டறது? சொல்லச் சொல்லக் கேக்கவே மாட்டான். தட்டாதடா, தட்டாதடான்னு... நான் எத்தனை தடவை...”

அந்த இடத்தில் சிரிப்பு அவள் தொண்டைக்குள் திரும்பிக்கொண்டது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் மட்டும் மாறிவிட்டது. பிப்ரவரியிலிருந்து வராதது முழுக்க வந்தது. ரீவா தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவரைச்சாறு நீலக் கவுனில் ஓடி அவள் கன்னத்தில் பட்டது. மேலே ஜன்னலோரம் பாட்டு முடிந்து, நாட்டின் உண்மையான இதயத்திலிருந்து வந்த குரல் என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவன் பாட்டைப் பாடுடி” என்றாள் வெஸ்டா, மூச்சு திரும்பியதும். “நம்ம பேச்சுல பாடு.”

ரீவா வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை தெற்கத்தி இழுப்போடு வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அப்படியே வந்தது. அம்மா அவள் தாடையை விரல்களால் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல, “ஆர்லிஸ்” என்று டிரைஃபோர்க்கில் சொல்வது போலச் சொல்லிக்காட்டினாள்.

“ஆர்லிஸ்” என்றாள் ரீவா.

“இல்ல. இன்னொரு தடவை.”